பார அயன் மோதுகையில் பிறக்கும் வெப்பக் கதிர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பகுதிகளில் உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கும் மாணவர்களும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலரும் என்னிடம் கேட்டுவந்த கேள்விகளை இங்கே ஒன்றுசேர்த்து விடை எழுதியிருக்கிறேன். அவற்றுள் பல ஒரே செய்தியிலிருந்து புறப்பட்டவை. ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு நிறுவனமான சேர்ன் ஆய்வுகூடத்தில் 5.5 இலட்சம் கோடி பாகை வெப்பநிலை உண்டாக்கப்பட்டது என்று 2012 இல் வெளியான செய்தியே அது. எந்த வெப்பமானியும் தாங்காத ஒரு வெப்பநிலையை எப்படி அளந்தார்கள், அந்த எண்ணுக்கு உண்மையில் என்ன பொருள் என்பவற்றைப் பாடத்தில் படித்த பௌதிகவியலைக் கொண்டே பெருமளவு விளங்கிக்கொள்ளலாம்.

வெப்பக் கதிர்ப்பு என்று எதைச் சொல்கிறோம்?

தோட்டத்து ஸ்டோரில் தேயிலை உலர்த்திக்குச் சூடான காற்றைக் கொடுக்கும் விறகு அடுப்பின் கதவைத் திறந்ததும், காற்று வந்து சேருமுன்பே முகத்தில் சூடு படும். கனலும் யூக்கலிப்டஸ் கட்டையிலிருந்து மின்காந்த அலையாக வரும் சூடு அது. வெப்பத்தால் ஓயாது அசையும் ஏற்றமுள்ள துணிக்கைகள் எல்லாப் பொருள்களிலும் உள்ளன. ஆகவே எல்லாப் பொருள்களும் கதிர்வீசுகின்றன. நன்றாக உறிஞ்சும் ஒரு கரும்பொருளின் கதிர்ப்பில் எந்த அலைநீளம் எவ்வளவு இருக்கும் என்பதை அதன் வெப்பநிலை மட்டுமே தீர்மானிக்கிறது என்பதற்கான சரியான சூத்திரத்தை மக்ஸ் பிளாங்க் 1900 இல் தந்தார். கட்டை செந்நிறத்திலிருந்து செம்மஞ்சளுக்கு மாறும்போது அடுப்பு மேலும் சூடேறியதை, அதைத் தொடாமலே அறிகிறோம்.

வெப்பநிலை கூடக்கூடக் கதிர்ப்பின் அலைநீளம் குறுகும். சில இலட்சம் கோடி கெல்வினில் இருக்கும் பொருள் கட்புலனாகும் ஒளியில் அன்றிக் காமாக் கதிரில் சுடர்விடுகிறது. அதன் போட்டன் (ஒளித்துணிக்கை) ஒவ்வொன்றும் சில நூறு மெகா இலத்திரன்வோல்ற்றிலிருந்து (துணிக்கைகளின் சக்தியை அளக்கும் அலகு இது) சில ஆயிரம் மெகா இலத்திரன்வோல்ற்று வரை சக்தி உடையது.

அவ்வளவு சூடான பொருள் எங்கே, எப்படி உண்டாகிறது?

பொன், ஈயம் போன்ற பாரமான அணுக்களின் இலத்திரன்களை அகற்றி, எஞ்சும் கருக்களை, அதாவது பார அயன்களை, ஒளியின் கதியை அண்மிக்கும் கதியில் நேருக்கு நேர் மோதவிடுகிறார்கள். ஐக்கிய அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்து புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தின் ரிக் ஆர்முடுக்கியில் 2000 ஆம் ஆண்டிலிருந்து பொற் கருக்கள் மோதவிடப்பட்டன. அங்கே ஒரு சோடி நியூக்கிளியோனுக்கு (புரோத்தன் அல்லது நியூத்திரனுக்கு) 200 கிகா இலத்திரன்வோல்ற்று வரை சக்தி கிடைத்தது. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்னின் பெரும் ஹாட்ரோன் மோதுகலத்தில் 2010 இன் இறுதியில் ஈயக் கருக்கள், ஒரு சோடி நியூக்கிளியோனுக்கு, 2.76 தெரா இலத்திரன்வோல்ற்றில் மோதின.

சாதாரண கருவில் குவார்க்குகள் மும்மூன்றாகப் புரோத்தனுக்குள்ளும் நியூத்திரனுக்குள்ளும் அடைபட்டிருக்கும். வெப்பநிலை ஏறக்குறைய 156 மெகா இலத்திரன்வோல்ற்றை, அதாவது 1.8 இலட்சம் கோடி கெல்வினைத் தாண்டும்போது அந்த அடைப்புக் கரைந்து, குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவோன்களும் கலந்த ஒரு பாய்மம் உண்டாகிறது. இதுவே குவார்க்-குளுவோன் பிளாஸ்மா. சூரியனின் மையம் ஏறத்தாழ 1.5 கோடி கெல்வின். இந்த மாறுநிலை வெப்பநிலை அதைப்போல் ஒரு இலட்சத்து இருபதாயிரம் மடங்கு. பெருவெடிப்பின் பின் சில மைக்கிரோசெக்கன்கள் வரை பிரபஞ்சம் முழுவதும் இந்த நிலையிலேயே இருந்தது.

இலத்திரன்வோல்ற்று எப்படி வெப்பநிலையின் அலகாகும் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். போல்ற்ஸ்மன் மாறிலியால் பெருக்கப்பட்ட வெப்பநிலை ஒரு சக்தி ஆகும். 1 மெகா இலத்திரன்வோல்ற்று ஏறக்குறைய 1,160 கோடி கெல்வினுக்குச் சமம்.

இத்தகைய சூடு ஆர்முடுக்கியையே உருக்கிவிடாதா?

உருக்காது. வெப்பநிலை மிகப் பெரியது, ஆனால் மொத்தச் சக்தி மிகச் சிறியது. 2.76 தெரா இலத்திரன்வோல்ற்றை ஈயத்தின் 208 நியூக்கிளியோன்களால் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 0.00009 யூல் வரும். ஒரு கிராம் திணிவு ஒரு சென்ரிமீற்றர் விழும்போது இழக்கும் அழுத்த சக்தியும் ஏறக்குறைய இதுவே. அச்சக்தி முழுவதும் ஒரு கருவின் பருமனுக்குள் அடங்குவதால்தான் வெப்பநிலை இவ்வளவு உயர்கிறது.

வெப்பநிலையை அளக்க ஏன் போட்டன்களைத் தேடுகிறார்கள்? மோதுகையில் ஆயிரக்கணக்கான வேறு துணிக்கைகள் வெளிவருகின்றனவே?

வெளிவருகின்றன, ஆனால் அவை தாம் பிறந்த நேரத்துக் கதையை மறந்து வருகின்றன. பையோன், காவோன், புரோத்தன் முதலிய ஹாட்ரோன்கள், அதாவது குவார்க்குகளால் ஆன துணிக்கைகள், குவார்க்குகளைப் பிணைக்கும் வன்விசையால் ஒன்றோடொன்று ஓயாது மோதிக்கொள்பவை. மோதுகையில் உண்டான சூடான பொருள்திரள், அதாவது தீக்கோளம், விரிந்து குளிர்ந்து, அந்த மோதல்கள் ஓய்ந்த கடைசிக் கணத்து நிலையையே அவை உணர்கருவிக்குக் கொண்டுவருகின்றன. பிளாஸ்மா மிகச் சூடாக இருந்த தொடக்கக் கட்டத்தைப் பற்றி அவற்றிலிருந்து நேரடியாக அறிவது கடினம்.

போட்டனுக்கு வன்விசை இல்லை. அது மின்காந்த விசையால் மட்டுமே இடைத்தாக்கமுறும். அவ்விசையின் வலிமையைக் குறிக்கும் மாறிலி 1/137 மட்டுமே. ஆகவே பிளாஸ்மாவுக்குள் ஒரு போட்டனின் சராசரி சுயாதீனப் பாதை, சுமார் 10 பெம்டோமீற்றர் (1 பெம்டோமீற்றர் என்பது 10 இன் மறை 15 ஆம் அடுக்கு மீற்றர்) அகலமுடைய தீக்கோளத்தைவிடப் பல மடங்கு நீளமானது. தோன்றிய போட்டன் எதிலும் முட்டாமல் அப்படியே வெளியேறிவிடும். குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் அழிந்து ஒரு குளுவோனும் ஒரு போட்டனும் ஆவதும், குவார்க்கில் குளுவோன் மோதிப் போட்டனாக வெளிவருவதும் அது தோன்றும் முக்கிய வழிகளாகும். இரண்டாவது, போட்டன் ஒன்று இலத்திரனில் பட்டுச் சிதறும் கொம்ப்டன் சிதறலின் உறவுக்காரத் தாக்கமே.

மோதுகையில் பிறக்கும் போட்டன்களும் இலெப்டோன் சோடிகளும் (இலத்திரனும் பொசித்திரனும் சேர்ந்த சோடி போன்றவை) உள்ளிருக்கும் சூட்டின் தூதர்களாக இருக்கும் என்ற எண்ணத்தை ஃபைன்பேர்க் 1976 இலும், எட்வேர்ட் சூர்யாக் 1978 இலும் முன்வைத்தார்கள். குவார்க்-குளுவோன் பிளாஸ்மா என்ற பெயரைத் தந்தவரும் சூர்யாக்கே. நம் பிராந்தியத்தின் பங்கையும் சொல்ல வேண்டும்: கொல்கத்தாவிலுள்ள மாறும் சக்தி சைக்கிளோத்திரன் மையத்தில் பிகாஷ் சின்ஹாவின் தலைமையில் வளர்ந்த குழு இந்தத் துறையின் கோட்பாட்டிலும், சேர்னிலும் ரிக்கிலும் நடந்த பரிசோதனைகளுக்கான போட்டன் உணர்கருவிகளை அமைப்பதிலும் ஈடுபட்டது.

அப்படியானால் தீக்கோளமும் ஒரு கரும்பொருள்தானா? பிளாங்கின் சூத்திரத்தை நேரே பயன்படுத்தலாமா?

பயன்படுத்த முடியாது. நான் பெற்ற கேள்விகளுள் மிகச் சிறந்தது இதுவே; சற்று விரிவாகப் பார்ப்போம்.

கரும்பொருள் தன் கதிர்ப்பைத் தானே உறிஞ்சவும் வல்லது. அதனால் உள்ளே உள்ள கதிர்ப்பு பொருளோடு வெப்பச் சமநிலைக்கு வந்து, வெளியே தெரிவது மேற்பரப்பின் கதிர்ப்பு மட்டுமே ஆகிறது. சூரியன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் மையத்தில் பிறக்கும் சக்தி உறிஞ்சப்பட்டும் மீண்டும் உமிழப்பட்டும் மேற்பரப்பை அடையப் பல்லாயிரம் ஆண்டுகள் செல்கின்றன. நமக்குத் தெரிவதோ ஏறக்குறைய 5,800 கெல்வின் உடைய மேற்பரப்பு.

தீக்கோளத்தில் போட்டன்கள் உறிஞ்சப்படுவதில்லை. ஆகவே அவை பிளாஸ்மாவோடு சமநிலைக்கு வருவதும் இல்லை. சமநிலையில் இருப்பவை குவார்க்குகளும் குளுவோன்களுமே. அவற்றின் மோதல்களில் எவ்வளவு போட்டன்கள் பிறக்கும் என்ற வீதம் வெப்பநிலையைப் பொறுத்திருப்பதால் இதையும் வெப்பக் கதிர்ப்பு என்கிறோம். கதிர்ப்பு மேற்பரப்பிலிருந்து மட்டும் வராமல் முழுக் கனவளவிலிருந்தும், தீக்கோளத்தின் வாழ்நாள் முழுவதிலிருந்தும் வருகிறது. ஆகவே எதிர்பார்க்கும் போட்டன் தொகையைக் கணிக்க, ஒவ்வொரு கணத்திலும் ஒவ்வொரு சிறு கனவளவிலும் உள்ள வெப்பநிலைக்குரிய வீதத்தை எடுத்து, இடத்துக்கும் நேரத்துக்கும் மேலாகத் தொகையிட வேண்டும். பிளாஸ்மாவுக்கான அந்த வீதத்தை முதல்வரிசைத் துல்லியத்தில் முழுமையாகக் கணித்தவர்கள் ஆர்னல்ட், மூர், யாஃபி ஆகிய மூவர், ஆண்டு 2001.

உணர்கருவியில் படும் போட்டன்கள் எல்லாம் பிளாஸ்மாவிலிருந்து வந்தவையா?

மிகப் பெரும்பாலானவை அங்கிருந்து வந்தவை அல்ல. மோதுகையில் நடுநிலைப் பையோன்கள் ஏராளமாக உண்டாகின்றன. அவற்றுள் 98.8 சதவீதமானவை இரண்டு போட்டன்களாகத் தேய்கின்றன. ஒரு பையோனின் சராசரி ஆயுள் 10 இன் மறை 16 ஆம் அடுக்குச் செக்கனுக்கும் சற்றுக் குறைவு. அந்த நேரத்தில் ஒளி கடக்கும் தூரம் ஏறக்குறைய 25 நனோமீற்றர். நமக்கு இது ஒன்றுமில்லாத தூரம். ஆனால் தீக்கோளத்தின் அகலத்தோடு ஒப்பிட்டால் இருபது இலட்சம் மடங்குக்கு மேல். ஆகவே இத்தேய்வு தீக்கோளம் மறைந்த பிறகே, வெகு வெளியே நடக்கிறது. ஆனால் எந்த உணர்கருவியாலும் இந்த 25 நனோமீற்றரைப் பிரித்தறிய முடியாது.

எனவே எண்ணிக் கழிக்க வேண்டியிருக்கிறது. பையோன்களையும், அவற்றைப்போலவே போட்டன்களாகத் தேயும் ஈற்றா மெசோன்களையும் தனியே அளந்து, அவற்றின் தேய்விலிருந்து எத்தனை போட்டன்கள் வந்திருக்க வேண்டும் என்று கணித்து, மொத்தப் போட்டன்களோடு ஒப்பிடுகிறார்கள். எஞ்சுபவை நேரடிப் போட்டன்கள். சேர்ன் மோதுகலத்தின் அலிஸ் பரிசோதனையில், நடுவோடு நடுவாக மோதிய ஈயக் கருக்களில், வெப்பக் கதிர்ப்பை எதிர்பார்க்கும் தாழ் உந்தப் பகுதியில் இந்த மிகை 10 முதல் 15 சதவீதம் மட்டுமே. பையோன் அளவீட்டில் சில சதவீத வழு நேர்ந்தாலும் இந்த மிகையின் பெரும்பகுதி ஆட்டங்கண்டுவிடும். இத்துறையின் முடிவுகளில் வழு எல்லைகள் பெரியனவாக இருப்பதற்கு இதுவே காரணம். அந்த எல்லைகளை மறைக்காமல் வெளியிடும் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ரிக்கின் பீனிக்ஸ் குழு இந்தச் சிக்கலைச் சுற்றிப்போக ஓர் அழகிய வழி கண்டது. போட்டன் தோன்றக்கூடிய எந்தத் தாக்கத்திலும், சிறு நிகழ்தகவோடு, அதற்குப் பதிலாக ஓர் இலத்திரனும் பொசித்திரனும் சோடியாகத் தோன்றலாம். பையோன் தேய்விலிருந்து வரும் சோடியின் திணிவு பையோனின் திணிவாகிய 135 மெகா இலத்திரன்வோல்ற்றைத் தாண்ட முடியாது. அதற்கு மேற்பட்ட திணிவுடைய சோடிகளை மட்டும் எடுத்தால் பையோனின் பின்னணி பெருமளவு ஒழிந்துவிடுகிறது.

போட்டன்களை எண்ணியபின் வெப்பநிலையை எப்படிப் பெறுகிறார்கள்?

வெப்பப் போட்டன்களின் தொகை அவற்றின் குறுக்கு உந்தத்தோடு (கற்றைக்குச் செங்குத்தான உந்தத்தோடு) அடுக்குக்குறி முறையில் குறைகிறது. தொகையின் இயற்கை மடக்கையை உந்தத்துக்கு எதிராக வரைந்தால் கீழ்நோக்கிச் சரியும் ஒரு நேர்கோடு வரும். அதன் படித்திறனின் நேர்மாறு சக்தி அலகில் ஒரு வெப்பநிலையைத் தரும். உயர்தர இரசாயனவியலில் வீத மாறிலியின் மடக்கையை வரைந்து ஏவற்சக்தியைப் பெறுவதும் இதே உத்திதான்.

பொன் மோதுகைகளுக்குப் பீனிக்ஸ் 2010 இல் வெளியிட்ட பெறுமானம் 221 மெகா இலத்திரன்வோல்ற்று. அலிஸ் 2012 இல் முதற்கட்டமாக அறிவித்தது 304. 2016 இல் வெளியிட்ட இறுதிப் பெறுமானம் 297, அதன் முறைமை வழு மட்டும் 41. இந்த எண்களின் வேறுபாட்டை உணர ஒரு கணிப்புச் செய்யலாம். உந்தம் 1 இலிருந்து 2 கிகா இலத்திரன்வோல்ற்றுக்குக் கூடும்போது, 221 ஆனால் போட்டன் தொகை ஏறக்குறைய 92 இல் ஒரு பங்காகக் குறையும். 297 ஆனால் 29 இல் ஒரு பங்காகவே குறையும். சூடு கூடினால் கோடு படுத்துவிடும்.

அப்படியானால் தீக்கோளத்தின் வெப்பநிலை 297 மெகா இலத்திரன்வோல்ற்று என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இக்கேள்வி. வரைபில் கிடைப்பதை விளைவுறு வெப்பநிலை என்றே சொல்ல வேண்டும்.

முதலாவது, அது ஒரே கணத்தின் வெப்பநிலை அன்று. தொடக்கத்தில் தீக்கோளம் மிகச் சூடாகவும் சிறியதாகவும் இருக்கிறது. பின்னர் குளிர்கிறது, ஆனால் கனவளவு பெருகி அந்நிலையில் நீண்ட நேரம் நிற்கிறது. சூடான சிறு கனவளவின் போட்டன்களும் குளிர்ந்த பெருங் கனவளவின் போட்டன்களும் ஒரே வரைபில் வந்து சேர்ந்துவிடுகின்றன.

இரண்டாவது, டொப்ளர் விளைவு. தீக்கோளம் உள்ளே இருக்கும் பேரமுக்கத்தால் வெளிநோக்கி வெடித்து விரிகிறது. நம்மை நோக்கி வரும் மூலத்தின் ஒளி நீலப்பெயர்ச்சி அடைந்து, இருப்பதைவிடச் சூடான மூலத்திலிருந்து வந்ததுபோல் தோன்றும். ஒளியின் கதியில் பாதிக் கதியோடு நம்மை நோக்கி வரும் மூலத்துக்கு, சார்பியல் டொப்ளர் சூத்திரப்படி அந்தப் பெருக்கம் மூன்றின் வர்க்கமூலம், அதாவது 1.73. எனவே 297 என்று தோன்றும் கதிர்ப்பின் உண்மை மூலம் 172 மெகா இலத்திரன்வோல்ற்றில் இருக்கலாம். இது 156 இன் மாறுநிலையைச் சற்றே தாண்டியது! தாழ் உந்தப் போட்டன்களில் பெரும்பகுதி மாறுநிலையை அண்டிய வெப்பநிலைகளில் பிறந்து, விரிவின் வேகத்தால் சூடேறியவைபோல் தோன்றுகின்றன என்று பாய்ம இயக்கவியற் கணிப்புகள் காட்டியிருக்கின்றன.

தொடக்க வெப்பநிலையை அறிய வேண்டுமானால், ஒரு தொடக்க வெப்பநிலையை எடுகோளாகக் கொண்டு தீக்கோளத்தின் முழு விரிவையும் கணித்து, வரும் போட்டன் தொகையை அளவீட்டோடு ஒப்பிட வேண்டும். பீனிக்ஸ் முடிவோடு பொருந்திய கணிப்புகளில் தொடக்க வெப்பநிலை 300 முதல் 600 மெகா இலத்திரன்வோல்ற்று வரை பரந்திருந்தது. செய்தியில் வந்த எண்ணை இந்தப் பின்னணியிலேயே படிக்க வேண்டும். ரிக் தொடர்பாக 2010 இல் சொல்லப்பட்டது 4 இலட்சம் கோடி பாகை; படித்திறன் தந்த 221 ஐ மாற்றினால் வருவது 2.6 இலட்சம் கோடி மட்டுமே. அதேபோல 5.5 ஐ 4 ஆல் வகுத்தாலும், 304 ஐ 221 ஆல் வகுத்தாலும் 1.38 என்ற ஒரே விகிதம் வருகிறது. சேர்ன் மோதுகையின் பொருள் ரிக்கினதைவிட ஏறக்குறைய 38 சதவீதம் சூடானது என்று அக்காலத்தில் கூறப்பட்டதன் அடிப்படை இந்த விகிதமே. அதை 5.5 இலட்சம் கோடி பாகையைக் காட்டிய ஒரு கருவியின் வாசிப்பாக மாணவர்களுக்குக் கற்பிக்கக் கூடாது.

நீலப்பெயர்ச்சியால் ஏமாறாத வெப்பமானி ஏதும் உண்டா?

உண்டு. இலெப்டோன் சோடிகளின் மாறாத் திணிவே அது. இலத்திரனைப் போன்ற, ஆனால் அதைவிடப் பாரமான மியூவோன் ஒன்றும் எதிர் மியூவோன் ஒன்றும் சேர்ந்த சோடியின் மொத்தச் சக்தியையும் மொத்த உந்தத்தையும் கொண்டு கணிக்கப்படும் திணிவு, மூலம் எவ்வளவு வேகமாக ஓடினாலும் மாறாது. சார்பியலின் அடிப்படை விதி அதற்குக் காவல் நிற்கிறது. போட்டனுக்குத் திணிவு பூச்சியம் ஆதலால் இந்த வசதி அதற்கு இல்லை.

சேர்னின் என்ஏ60 பரிசோதனை 2003 இல் இந்தியம் என்ற மூலகத்தின் கருக்களை மோதவிட்டு மியூவோன் சோடிகளைத் திரட்டியது. 1.2 முதல் 2 கிகா இலத்திரன்வோல்ற்று வரையான திணிவுப் பகுதியில் கிடைத்த வெப்பநிலை 205 மெகா இலத்திரன்வோல்ற்று, வழு 12. மாறுநிலையைவிட இது தெளிவாகவே மேலானது. அக்கதிர்ப்பு பெரும்பாலும் குவார்க்குகளின் பாய்மத்திலிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று அரிது. அந்த மோதுகை சக்தி ரிக்கினதையும் விட மிகக் குறைவு என்பதையும் கவனியுங்கள். ஜேர்மனியின் டாம்ஸ்டாட் நகரில் இன்னும் தாழ்ந்த சக்தியில் பொன்னை மோதவிட்ட ஹேடிஸ் குழு, இலத்திரன் சோடிகளிலிருந்து 72 மெகா இலத்திரன்வோல்ற்று என்ற சராசரி வெப்பநிலையை 2019 இல் வெளியிட்டது. அத்தகைய அடர்த்தியும் வெப்பநிலையும் இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் மோதி இணையும்போதும் எட்டப்படலாம் என்பதால் வானியலாளரும் அம்முடிவை ஆர்வத்தோடு பார்க்கிறார்கள்.

சேர்னின் உயர் சக்தியில் இம்முறை கடினமாகிறது. அங்கே வசீகரம் எனப்படும் பாரமான வகைக் குவார்க் சோடிகள் ஏராளமாகப் பிறந்து, அவற்றின் தேய்விலிருந்தும் இலத்திரன்கள் வந்து வெப்பச் சோடிகளை மூடிவிடுகின்றன. அத்துணிக்கைகள் தேயுமுன் நூறு மைக்கிரோமீற்றர் அளவு நகர்வதால், தடங்கள் தொடங்கும் புள்ளியை நுண்மையாக அளந்து அவற்றை விலக்க முயல்கிறார்கள்.

மாறாத் திணிவில் வெப்பநிலையைத் தவிர வேறு என்ன தெரியும்?

ரோ மெசோன் தெரியும். ஏறக்குறைய 770 மெகா இலத்திரன்வோல்ற்றுத் திணிவுடைய இத்துணிக்கையின் ஆயுள் தீக்கோளத்தின் ஆயுளைவிடக் குறுகியது. ஆகவே அது சூட்டுக்குள்ளேயே தேய்கிறது. சூடான பொருளுக்குள் அதன் திணிவு இறங்குமா, அல்லது அதன் சிகரம் அகலமாகுமா என்று நீண்ட விவாதம் இருந்தது. சிகரம் மிகவும் அகலமாகிறது, இடம்பெயர்வதில்லை என்று என்ஏ60 காட்டியது.

இத்துறையில் இன்னும் விடை காணாதது எது?

நேரடிப் போட்டன் புதிர் என்று அழைக்கப்படுவது. கருக்கள் சற்று ஓரமாக மோதும்போது தீக்கோளம் பாதாம் பருப்பின் வடிவில் அமைந்து, ஒரு திசையில் வேகமாகவும் மறு திசையில் மெதுவாகவும் விரிகிறது. இந்தத் திசைச் சார்பு உருவாக நேரம் வேண்டும். சூடான தொடக்கத்தில் பிறந்த போட்டன்களில் அது சிறிதாகவே இருக்க வேண்டும். ஆனால் பீனிக்ஸ் 2012 இல் வெளியிட்ட முடிவில், நேரடிப் போட்டன்களின் திசைச் சார்பு கடைசியில் உறையும் பையோன்களினதைப் போலவே பெரிதாக இருந்தது. போட்டன்களின் பெருந்தொகை அவை முந்திப் பிறந்தவை என்று சொல்கிறது. திசைச் சார்போ பிந்திப் பிறந்தவை என்கிறது. இரண்டையும் ஒருங்கே திருப்தியாகத் தரும் கணிப்பு அரிது. அலிஸின் அளவீடுகளும் இதே போக்கைக் காட்டுகின்றன. அவற்றின் வழு எல்லைகள் பெரியவை ஆதலால் அங்கே முரண்பாடு அவ்வளவு கூர்மையாக இல்லை. இது அளவீட்டின் சிக்கலா, கோட்பாட்டின் சிக்கலா என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. எனக்குக் கோட்பாட்டில், குறிப்பாகப் பிளாஸ்மா ஹாட்ரோன்களாக மாறும் கட்டத்தின் உமிழ்வு வீதத்தில், ஏதோ குறைகிறது என்றே படுகிறது.

மலையகத்திலிருந்து ஒரு மாணவர் இதை மேலும் கற்க எங்கே தொடங்கலாம்?

உயர்தரப் பாடத்தில் வெப்பக் கதிர்ப்பு, டொப்ளர் விளைவு, துணிக்கைப் பௌதிகம் ஆகிய அலகுகளையும், இணைந்த கணிதத்தில் அடுக்குக்குறி, மடக்கைச் சார்புகளையும் ஐயமறக் கற்றுக்கொண்டால் இந்தப் பக்கத்தின் பெரும்பகுதியை நீங்களே பெறலாம். பல்கலைக்கழகப் படிப்புக்குப் பேராதனை நமக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே விஞ்ஞான பீடத்தில் பௌதிகவியலைச் சிறப்புப் பாடமாகப் பயிலலாம். சேர்ன் தன் பரிசோதனைத் தரவுகளில் ஒரு பகுதியை, அலிஸின் தரவுகள் உட்பட, இணையத்தில் எவரும் இலவசமாகப் பயன்படுத்தத் திறந்துவைத்திருக்கிறது. தன் கோடைகாலப் பயிற்சிக்கு உறுப்பு நாடல்லாத நாடுகளின் பட்டப்படிப்பு மாணவர்களிடமிருந்தும் விண்ணப்பம் ஏற்கிறது. இன்றே தொடங்க விரும்புபவர்கள், மூலத்தின் கதி ஒளியின் கதியில் 0.6 மடங்காக இருந்தால் மேலே சொன்ன 297 என்னவாகும் என்று டொப்ளர் சூத்திரத்தில் இட்டுப் பாருங்கள். பெருக்கம் சரியாக 2 என்று வரும்; கிடைக்கும் வெப்பநிலை மாறுநிலைக்குக் கீழே போவதைக் காண்பீர்கள்.